மேம்பால உச்சியில் எவ்வளவு தூரம் தெரிகிறது? வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களுக்கு,

வணக்கம். ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டும் வேலைகளில் நெடுக்குவெட்டு வரைபடம் (சாலை நீளவாக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் படம்) போடுகிறவர்களுக்கும், அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் நெடுஞ்சாலைத் துறையில் இருக்கலாம், ரயில்வேயில் இருக்கலாம், இரண்டு இடத்துக்கும் டிசைன் செய்துகொடுக்கும் ஆலோசனை நிறுவனத்தில் இருக்கலாம். நான் ஒரு பாலிடெக்னிக்கில் சாலைப் பொறியியல் நடத்துகிறவன். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, கணக்குப் போட வைத்து, மதிப்பெண் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். உங்கள் கணக்கின் மேல் ஜனங்கள் வண்டி ஓட்டுகிறார்கள்.

நான் பேச வந்தது அந்த வரைபடத்தில் ஒரே ஒரு துண்டைப் பற்றி: ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் வைக்கிற உச்சி வளைவு. அது எந்த வேகத்துக்குப் போதுமானது என்பதை வரைபடத்தின் முதல் தாளிலேயே எழுதுங்கள். பாலம் முடிந்ததும் தரையில் அளந்து பாருங்கள். அளந்து வந்த வேகத்தை அடிவாரத்தில் பலகையாக வையுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல கொஞ்சம் கணக்கு போட வேண்டும். உங்களுக்கு மனப்பாடமான கணக்குதான். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஆர்.சி. என்று நாம் சொல்லும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1934-ல் தொடங்கிய அமைப்பு. நெடுக்கு வளைவுகளுக்கென்றே 1983-ல் தனி வெளியீடு கொண்டுவந்தது. அதன்படி ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலையில் கிடக்கும் தடை 15 செ.மீ. உயரம். மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் அந்த 15 செ.மீ. பொருளை, வண்டியை நிறுத்தத் தேவையான தூரத்துக்கு முன்பே ஓட்டுநர் பார்த்துவிட வேண்டும். அந்தத் தூரம் 50 கி.மீ. வேகத்துக்கு 60 மீட்டர், 65-க்கு 90, 80-க்கு 120, 100-க்கு 180 மீட்டர். பார்த்து, புரிந்து, காலை பிரேக்கில் வைப்பதற்கு 2.5 வினாடி என்று வைத்துப் போட்ட எண்கள் இவை.

நம் மேம்பாலங்களில் வழக்கமாக வைக்கும் வாட்டம் (சரிவு) 30-க்கு 1, அதாவது 30 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் இரண்டு வாட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் 15-ல் ஒரு பங்கு. இதைப் பார்வைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4.4-ஆல் வகுத்தால் வளைவின் நீளம் வந்துவிடும். 80 கி.மீ. வேகத்துக்கு 218 மீட்டர். 65-க்கு 123. 100 என்றால் 491. வளைவு பார்வைத் தூரத்தை விடக் குட்டையாகும்போது வேறு சூத்திரம் போட வேண்டும். அதன்படி 50 கி.மீ. வேகத்துக்கு வெறும் 54 மீட்டர், 40-க்கு 24 மீட்டர்.

வேகம் 50-லிருந்து 80 ஆவது பெரிய மாற்றமாகத் தோன்றாது. ஆனால் வளைவு நான்கு மடங்காகிறது. வரைபடத்தில் 218-ஐ 54 ஆக்கினாலும் தாளில் பெரிதாக எதுவும் தெரியாது. நெடுக்குவெட்டில் செங்குத்து அளவை நாம் பத்து மடங்கு பெரிதாக்கிப் போடுகிறோம். எந்த வளைவும் அதில் ஒரு குன்று மாதிரிதான் நிற்கும். அதனால்தான் தாளைப் பார்த்துக் கையெழுத்திடுகிறவர் கண்ணில் இது சிக்குவதில்லை.

சரி, 54 மீட்டர் வளைவுள்ள ஒரு பாலத்தில் 80-ல் ஒருவர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புறவழிச்சாலையில் 80 அதிசயமில்லை. உச்சிக்கு அருகில் அவருக்குத் தெரிவது 60 மீட்டர். அந்த வேகத்தில் 2.5 வினாடிக்கு வண்டி 56 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிக்க மிஞ்சுவது 4 மீட்டர்.

அப்புறம் முந்துகிறவர்கள். நடுவில் தடுப்பு இல்லாத இரண்டு வழிப் பாலங்கள் நம் மாவட்டச் சாலைகளில் நிறைய. இதே 54 மீட்டர் வளைவில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு ஓட்டுநர்களின் கண்கள் சந்திப்பது 99 மீட்டர் இடைவெளியில். ஒருவர் 80, இன்னொருவர் 60 என்றால் அந்த இடைவெளி இரண்டரை வினாடியில் தீர்ந்துவிடும். விதிநூல் யோசிப்பதற்கு மட்டும் கொடுக்கிற நேரம் அது. மேட்டில் முந்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை நடுக்கோடு முழுக்கோடாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். பல பாலங்களில் கோடு போடும் ஒப்பந்தக்காரர் பாலத்தின் தடுப்புச்சுவர் தொடங்கும் இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் நிறுத்திவிடுகிறார். அவர் கையில் வேறு எந்தத் தாளும் கொடுக்கப்படுவதில்லை.

வளைவைச் சுருக்குவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இடம். “80-க்குப் போட்டால் பாலம் அடுத்த ஜங்ஷன் வரைக்கும் போய்விடும், கடைகளை எடுக்க வேண்டியிருக்கும், நில எடுப்பு ஐந்து வருஷம் இழுக்கும்.” நானும் இதை நம்பித்தான் இருந்தேன், ஒரு மாணவன் கணக்குப் போட்டுக் காட்டும் வரை. வளைவு 54-லிருந்து 218 ஆகும்போது 164 மீட்டர் கூடுகிறது. எல்லோரும் பாலமும் 164 மீட்டர் நீளும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீளாது. வளைவு நீளும்போது இரண்டு சரிவுக் கோடுகளும் சந்திக்கிற புள்ளியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளிக்கும் சாலை மட்டத்துக்கும் உள்ள இடைவெளி 54 மீட்டர் வளைவில் 0.45 மீட்டர், 218-ல் 1.82 மீட்டர். வித்தியாசம் 1.37. இதை 30-ஆல் பெருக்கினால் ஒவ்வொரு பக்கமும் அடிவாரம் தள்ளிப்போகும் தூரம் வரும்: 41 மீட்டர். வளைவில் கூட்டியதில் கால்பங்கு.

கேட் இருந்த இடத்தில் சாலை மட்டம் தரையிலிருந்து 9 மீட்டர் உயர வேண்டும் என்றால், குட்டை வளைவில் அடிவாரம் 283 மீட்டரில் வரும், நீண்ட வளைவில் 325-ல் வரும். அடிவாரத்தில் இறக்கம் முடிந்து சாலை தட்டையாகும் இடத்தில் வரும் பள்ள வளைவையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். முகப்பு விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்தை வைத்து 80-க்குக் கணக்குப் போட்டால் அது 69 மீட்டர்; 50-க்குக் குறைந்தபட்ச நீளமான 30 மீட்டரே போதும். அதனால் ஒரு பக்கத்துக்கு இன்னும் 20 மீட்டர் கூடும். ஆக, 50-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 60 மீட்டர்.

செலவு இல்லை என்று சொல்ல மாட்டேன். நேர் ஏற்றம் வருகிற பகுதி முழுக்க சுவர் 1.37 மீட்டர் உயரும், உள்ளே மண் கூடும், அந்த 60 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடமோ தெரு முனையோ இருந்தால் தலைவலிதான். சில ஊர்களில் நிஜமாகவே முடியாது. அங்கே 50-க்கு வரையுங்கள், குற்றமே இல்லை. எனக்கு உறுத்துவது, கணக்குப் போடாமலே முடியாது என்று முடிவெடுப்பது. அதைவிட அதிகமாக உறுத்துவது, 50-க்கு வரைந்த பாலத்துக்கு இரண்டு பக்கமும் 80-க்கு வரைந்த சாலை வந்து சேர்வதும், அதை ஓட்டுகிறவருக்கு யாரும் சொல்லாததும்.

இரண்டு அலுவலகம் சேர்ந்து ஒரு வளைவைப் போடுவதும் இதில் ஒரு சிக்கல். ரயில் பாதைக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும், இரண்டு பக்கத்து அணுகுசாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். பெரும்பாலான இடங்களில் நடைமுறை இதுதான். வேலைக்கு ஒப்புதல், நிதிப் பங்கு, டெண்டர் எல்லாம் தனித்தனி. உச்சி வளைவோ இரண்டின் மேலும் படுத்திருக்கிறது. ரயில்வே பகுதி பெரும்பாலும் முதலில் முடிந்துவிடும், அல்லது கடைசி வரை முடியாமல் கிடக்கும். முதலில் முடிந்தால் அதன் இரண்டு முனை மட்டங்களும் கல்லில் எழுதிய மாதிரி. அதற்குப் பின்னால் வருகிறவர் அந்த மட்டத்திலிருந்து தன் வாட்டத்தை எப்படியாவது தொடங்கித்தான் ஆக வேண்டும். நடுவில் தட்டையான ஒரு துண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறிவு என்று சில பாலங்கள் இருப்பது இப்படித்தான். காரில் போனால் உச்சியில் இரண்டு முறை வயிற்றைத் தூக்கிப்போடும். பொது அமைப்பு வரைபடத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுகிறீர்கள் அல்லவா, அதே தாளில் முழு வளைவின் தொடக்கம், முடிவு, ஐந்து மீட்டருக்கு ஒரு மட்டம் என்று எழுதிவிட்டால் யார் முதலில் கட்டினாலும் கவலையில்லை.

கர்டர் (தூண்களுக்கு மேல் வைக்கும் உத்தரம்) போடுகிறவர்களுக்கும் நீண்ட வளைவு நல்லதுதான், இதை ஏனோ யாரும் சொல்வதில்லை. முன்னழுத்தக் கர்டர் நேராகத்தான் வரும். தூணுக்குத் தூண் நேர்க்கோடாக வைத்து, மேலே ஸ்லாபிலும் தேய்மானப் பூச்சிலும் வளைவைக் கொண்டுவருகிறோம். 30 மீட்டர் ஸ்பானில் (இரண்டு தூண்களுக்கு இடையிலுள்ள தூரம்), 218 மீட்டர் வளைவுக்கு நடுவில் நிரப்ப வேண்டியது 34 மி.மீ. அதே ஸ்பான் 54 மீட்டர் வளைவுக்குள் வந்தால் 139 மி.மீ. அவ்வளவு கான்கிரீட்டைச் சும்மா கர்டரின் தலையில் ஏற்ற எந்த டிசைனரும் விரும்ப மாட்டார். களத்தில் என்ன நடக்கும்? பாதி நிரப்பிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள். வளைவு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நேர்க்கோடும் இரண்டு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டும் இருக்கும்.

இனி அந்த 15 செ.மீ. பற்றி. அமெரிக்காவில் தடையின் உயரத்தை முன்பு 15 செ.மீ. என்றே வைத்திருந்தார்கள். 2001-ல் வந்த அவர்களுடைய கையேடு அதை 60 செ.மீ. ஆக்கியது, முன்னால் போகும் காரின் பின்விளக்கு தெரிந்தால் போதும் என்பது வாதம். கண் உயரத்தை 1.08 மீட்டர் என்று வைத்தார்கள். அந்த எண்களைப் போட்டால் நம்முடைய 4.4 என்ற வகுக்கும் எண் 6.58 ஆகிவிடும், 218 மீட்டர் 146 ஆகச் சுருங்கிவிடும். வரைபட மென்பொருளில் எந்த நாட்டு அட்டவணை தேர்வாகி இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நம் விதிநூலையும் அப்படி மாற்றலாமே என்று சிலர் பேசும்போது எனக்கு ஒரு கல்தான் நினைவுக்கு வரும். ஏற்றத்தில் லாரி நின்றுபோனால் பின்சக்கரத்துக்கு முட்டாக ஒரு கருங்கல்லை வைப்பார்கள். சரிசெய்த பின் லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். நம் மேம்பாலங்களில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இருட்டில் டூ வீலர்காரருக்கு அந்தக் கல் போதும். அந்த ஊரில் பின்விளக்குக்கு டிசைன் செய்யலாம். நாம் கல்லுக்குத்தான் செய்ய வேண்டும். பின்விளக்கே எரியாத டிராக்டர் டிரெய்லர்கள் கரும்பு ஏற்றிக்கொண்டு போவதை இதில் சேர்க்கவே இல்லை.

சுரங்கப்பாதை போடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை எல்லாம் 2019 ஜனவரிக்குள் எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் அதற்குப் பதிலாக உயரம் குறைந்த சுரங்கப்பாதை வந்தது. அங்கே இருப்பது பள்ள வளைவு. அதே 30-க்கு 1 வாட்டத்தில் இறங்கி ஏறினால் 40 கி.மீ. வேகத்துக்கு 44 மீட்டர் நீளம் வேண்டும். அப்படிப் போட்டால் மிகத் தாழ்ந்த புள்ளியின் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு மீட்டருக்கு வாட்டம் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும், தண்ணீர் தானாக ஓடாது. அந்த ஆறேழு மீட்டருக்குள் சம்ப்பும் (தண்ணீர் சேரும் குழி) கம்பித் தட்டும் இருக்க வேண்டும். வரைபடத்தில் அவை எங்கே இருக்கின்றன என்பதை நெடுக்குவெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி ஊர்களில் ஐப்பசி மழைக்குச் சுற்றிப் போக வேண்டியிருக்காது.

வரைபடம் சரியாக இருந்தாலும் சாலை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பாலம் தூணில் நிற்கிறது, அணுகுசாலை மண்ணில் நிற்கிறது. மண் இறங்கும், தூண் இறங்காது. பாலம் தொடங்கும் இடத்தில் தூக்கிப்போடுவது இதனால்தான். அதைச் சரிசெய்ய அந்த இடத்தில் மட்டும் தார் போட்டு மெழுகுவார்கள், அடுத்த மழைக்குப் பின் இன்னும் கொஞ்சம். நாலைந்து முறை இப்படி நடந்த பின் அங்கே யாரும் வரையாத ஒரு புது உச்சி உருவாகியிருக்கும். மறுபடி முழுக்கத் தார் போடும்போது மில்லிங் செய்யாமல், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், மேலே மேலே போட்டாலும் இதே கதை. பராமரிப்பு எஸ்டிமேட்டில் பரப்பளவும் தடிமனும் இருக்கும். மட்டம் இருப்பதில்லை. பாலத்தின் மேல் தார் போடும் ஒவ்வொரு வேலைக்கும் முன்பும் பின்பும் லெவல் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், அரை நாள் சர்வேயர் கூலிதான் கூடும்.

குட்டையான வளைவுக்கு அடிவாரத்தில் வேகத்தடை போட்டு ஈடுகட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐ.ஆர்.சி. சொன்ன வட்டமான வேகத்தடை 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. நடைமுறையில் அது ஒரு முழ அகலத்தில் ஒரு தார்க்கட்டியாக வரும். ஏற்றத்துக்குப் பாரத்தோடு வேகமெடுக்கும் லாரியை அங்கே நிறுத்தினால் உச்சி வரைக்கும் முதல் கியரில்தான் ஏறும். அதைப் பொறுக்காமல் பின்னால் வருகிறவர் முந்துவது சரியாக உச்சியில்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பாலம் முடிந்து திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் அதன் மேல் போக்குவரத்தே இருக்காது. அப்போது ஒரு டேப், 1.2 மீட்டர் உயரத்தில் அடையாளம் போட்ட ஒரு கம்பு, ஒரு ஆறு இஞ்ச் ஹாலோ பிளாக் போதும். பிளாக்கைப் படுக்கப் போட்டால் சரியாக 15 செ.மீ. உயரம். ஒருவர் கம்பின் அடையாளத்தில் கண்ணை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். இன்னொருவர் பிளாக்கை உச்சிக்கு அப்பால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மறையும் இடத்தில் டேப்பைப் பிடியுங்கள். பார்க்கும் இடத்தைப் பத்துப் பத்து மீட்டராக மாற்றி இரண்டு திசையிலும் செய்தால் மிகக் குறைந்த தூரம் எது என்று தெரிந்துவிடும். 120 மீட்டர் வந்தால் 80 என்று பலகை வையுங்கள். 90 வந்தால் 65. அறுபதுதான் வந்தது என்றால் வெட்கப்படாமல் 50 என்று வையுங்கள், நடுக்கோட்டை முழுக்கோடாக்குங்கள், அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதையும் 1.2 மீட்டர் கம்பு இரண்டை வைத்து அதே நாளில் அளந்துவிடுங்கள்.

பழைய பாலங்களுக்கும் இது செய்யலாம், ஆனால் வண்டிகளை நிறுத்திவைக்கக் காவல் துறை உதவி வேண்டும். ஞாயிறு விடியற்காலை என்றால் ஒரு மணி நேரம் போதும். எங்கள் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது. அனுமதிக் கடிதம் ஒன்று கொடுத்தால், உங்கள் கோட்டத்தில் எந்தப் பாலமானாலும் கம்பும் டேப்பும் பிளாக்கும் நாங்களே கொண்டுவருகிறோம். அளந்த தாளில் உங்கள் உதவிப் பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், எங்களுக்கு ஒரு நகல் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சாலைப் பொறியியல் நடத்தும் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர்